பழைய குளக் கணக்குகளும் காட்டுக் குறிப்பேடுகளும்: கோளாறு கண்டு சரிசெய்யும் முறை

திருநெல்வேலிச் சீமையின் உயிரினங்களைப் பற்றிய பழைய பதிவுகள் ஒரே கூரையின் கீழ் இல்லை. கல்லூரித் தாவரவியல் துறைகளின் உலர்தாவரத் தாள்கள், வனக்காவலர்களின் நாட்குறிப்புகள், மலைத்தோட்டங்களின் மழைப் பதிவேடுகள், குளக்கரையில் நின்று பறவை எண்ணியவர்கள் நிரப்பிய படிவங்கள், ஆய்வு மாணவர்கள் விட்டுச்சென்ற நெகிழ்வட்டுகள் எனப் பல வீடுகளிலும் பல அலமாரிகளிலும் அவை சிதறிக் கிடக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்ற முனைகிறவர் சந்திக்கும் கோளாறுகளை, அவை கண்ணில் படும் அறிகுறியைக் கொண்டு இங்கே வகைப்படுத்தியிருக்கிறேன். தேவையான பகுதிக்கு நேரே செல்லலாம்.

எந்தக் கோளாறானாலும் ஒரு விதி மாறாது. தாளின் படம், தாளில் உள்ளதை உள்ளபடியே எழுதிய படி, அதற்கு நாம் கொள்ளும் பொருள் ஆகிய மூன்றும் மூன்று தனி அடுக்குகளாக இருக்க வேண்டும். ‘கொல்லம் 1126 தை’ என்று இருந்தால் ஒரு நெடுவரிசையில் அப்படியே எழுதிவிட்டு, அடுத்த நெடுவரிசையில்தான் ஆங்கில ஆண்டைக் கணக்கிட வேண்டும். உயிரினத் தரவுகளுக்கான டார்வின் கோர் என்னும் பொது வடிவமும் இடம், தேதி இரண்டுக்கும் ‘உள்ளபடி’ என்றொரு புலத்தையும் ‘பொருள்கொண்டபடி’ என்றொரு புலத்தையும் தனித்தனியே வைத்திருக்கிறது. தட்டச்சு செய்யும்போதே திருத்திக்கொண்டு போகிறவர்தான் இந்த வேலையில் அதிகத் தீங்கு செய்கிறவர் என்பது என் கருத்து. அவர் திருத்திய இடங்களைப் பின்னால் வருகிறவர் கண்டுபிடிக்கவே முடியாது.

அறிகுறி: தாள்கள் நனைந்திருக்கின்றன, ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அல்லது பூஞ்சை பிடித்திருக்கின்றன

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவான அந்த வெள்ளத்தில், தாமிரபரணிக் கரையோரத்து வீடுகளும் அலுவலகங்களும் நீரில் நின்றன. அத்தகைய நேரத்தில் நமக்குக் கிடைக்கும் அவகாசம் சுமார் 48 மணி நேரம். அதற்குமேல் நம் ஊர் வெக்கையில் பூஞ்சை தொடங்கிவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் உலர்த்த முடியாதென்றால், சிறு கட்டுகளாகப் பிரித்துப் பாலித்தீன் பையிலிட்டு உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். உறைந்த நிலையில் தாள் கெடாது. பிறகு ஒவ்வொரு கட்டாக எடுத்து, அச்சடிக்காத தாள்களை இடையில் செருகி, மின்விசிறிக் காற்றில் நிழலில் உலர்த்தலாம். வெயிலில் பரப்புவதும் இஸ்திரிப் பெட்டி வைப்பதும் கூடாது. ஒட்டிய பக்கங்களை உரிக்கவும் கூடாது. உலர்ந்தபின் பல தாமே விலகும்.

காய்ந்த பூஞ்சையை முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே, மென்மையான தூரிகையால் தட்டி நீக்க வேண்டும். ஈரத்துணியால் துடைத்தால் அது தாளுக்குள் இறங்கிவிடும். இராமபாணப் பூச்சியின் துளைகள் புதியனவாக இருந்தால், கட்டைப் பையில் காற்றுப்புகாமல் மூடி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுவதும் பையைத் திறக்காமல் வைத்திருந்து பிறகு பிரியுங்கள். ஒட்டுநாடா, லேமினேஷன் இரண்டும் வேண்டாம். பழைய உலர்தாவரத் தாள்களைத் தொடும்போது கையுறை கட்டாயம், ஏனெனில் பூச்சி வராமல் இருக்க அவற்றுக்குப் பாதரசக் குளோரைடு பூசும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது.

அறிகுறி: எழுத்து மங்கி, படிக்க முடியவில்லை

பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், தாளுக்கு நேர்செங்குத்தாகப் படமெடுத்து, படத்தின் சிவப்பு, பச்சை, நீலத் தடங்களைத் தனித்தனியே பாருங்கள். மங்கிய நீல மை சிவப்புத் தடத்தில் கறுத்துத் தெரியும். தாளின் பழுப்புக் கறையும் அதே தடத்தில் பெரும்பாலும் மறையும். பழுப்பாகிப்போன பழைய இரும்பு மைக்கு நீலத் தடம் உதவும். பென்சில் எழுத்துக்குப் பக்கவாட்டில் தாழ்வாக விளக்கைப் பிடித்தாலே போதும். வெப்ப அச்சுத் தாளில் வந்த பதிவுகளை இன்றே படமெடுத்துவிடுங்கள், அவை காத்திருக்கமாட்டா.

அட்டை, வெற்றுப் பக்கம், ஓரக்குறிப்பு எல்லாம் படத்தில் வர வேண்டும். குறியீடுகளின் விளக்கம் பெரும்பாலும் பின்னட்டையின் உட்புறத்தில்தான் எழுதப்பட்டிருக்கும்.

அறிகுறி: தேதிகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை

முதலில் எந்த ஆண்டுமுறை என்று பாருங்கள். நம் பகுதியின் பழைய ஏடுகளில் கொல்லம் ஆண்டு, வருவாய்த் துறைப் பசலி, அறுபதாண்டுச் சுழற்சியில் வரும் தமிழ் ஆண்டு, ஆங்கில ஆண்டு ஆகிய நான்கும் கலந்து வரும். இங்கே கொல்லம் ஆண்டு ஆவணியில் தொடங்குவதால், ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரை 824-ஐயும், அதன்பின் ஆடி முடிய 825-ஐயும் கூட்ட வேண்டும். பசலி ஜூலை 1 அன்று தொடங்குகிறது. ஜூலை முதல் டிசம்பர் வரை 590, ஜனவரி முதல் ஜூன் வரை 591. ‘கொல்லம் 1126 தை, விகிருதி, பசலி 1360’ என்று ஓர் ஏடு சொல்லுமானால் மூன்று வழியிலும் 1951 ஜனவரி பிற்பாதியோ பிப்ரவரி முற்பாதியோதான் வரும். மூன்றும் ஒத்துவந்தால் தேதியை நம்பலாம். ஒன்று மட்டும் விலகினால் அதை மாற்றிவிடாமல், விலகல் இருப்பதைக் குறிப்பு நெடுவரிசையில் எழுதுங்கள்.

‘பிசான நடவின்போது’, ‘கார் அறுப்புக்குப் பிறகு’, ‘மறுகால் பாய்ந்த அன்று’ என்று மட்டும் எழுதியிருப்பதும் தேதிதான். பிசானமும் காரும் இங்கத்திய நெல் பருவங்கள்; மறுகால் பாய்வது என்றால் குளம் நிறைந்து மிகைநீர் வழிவது. அதற்கு ஒரு நாளைக் கற்பிக்காமல், தொடக்கம், முடிவு என்று இரு எல்லைகளைக் கொடுக்க வேண்டும். மறுகால் பாய்ந்த நாளைப் பொதுப்பணித் துறையின் குளப் பதிவேடு இருந்தால் அதைக் கொண்டு குறுக்கிக்கொள்ளலாம்.

ஆண்டுமுறை சரியாக இருந்தும் தேதி புரண்டிருந்தால் குற்றவாளி பெரும்பாலும் விரிதாள்தான். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒதுங்கி நிற்கின்றனவா என்று பாருங்கள். நாளை மாதமாகவும் மாதத்தை நாளாகவும் கொள்ளும் அமைப்பில் கோப்பு திறக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். 12-க்கு மேற்பட்ட நாள்கள் வெறும் எழுத்தாக நின்றுவிட, மற்றவை சத்தமில்லாமல் தலைகீழாக மாறியிருக்கும். இடப்பக்கம் நிற்பவை தப்பித்தவை, வலப்பக்கம் நிற்பவையே பழுதானவை. ‘13-1-25’ என்று எழுதிய 1925-ஆம் ஆண்டுக் குறிப்பை எக்செல் 2025 என்று கொள்ளும். ஏனெனில் இரண்டிலக்க ஆண்டில் 00 முதல் 29 வரை உள்ளவற்றை அது இந்த நூற்றாண்டில் சேர்க்கிறது. 1900-க்கு முற்பட்ட தேதிகளை அது தேதியாகவே ஏற்பதில்லை. எல்லாத் தேதிகளும் சரியாக நான்கு ஆண்டும் ஒரு நாளும் தள்ளியிருந்தால், பழைய மேக் கணினியில் உருவான கோப்பு அது. கழிக்கவோ கூட்டவோ வேண்டிய எண் 1462. இவற்றுக்கெல்லாம் பரிகாரம் ஒன்றே: தேதி நெடுவரிசையை முதலிலேயே எழுத்து வகையாக அமைத்துவிட்டு, ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் மூன்று நெடுவரிசைகளில் இடுங்கள்.

மழைக் கணக்கில் இன்னொரு வகைக் கோளாறு உண்டு. ஒரு தோட்டத்தின் பெருமழை நாள்கள் அம்பாசமுத்திரத்தையும் பாளையங்கோட்டையையும்விட எப்போதும் ஒரு நாள் முந்தியோ பிந்தியோ வந்தால் அதை வானிலை விந்தை என்று கொள்ளாதீர்கள். முந்தைய காலை முதல் இன்று காலை 8.30 மணி வரை பெய்த மழையை இன்றைய தேதியில் எழுதுவது வானிலைத் துறையின் முறை. பெய்த நாளிலேயே எழுதுவது பலருடைய வழக்கம். தொடர் முழுவதையும் ஒரு நாள் நகர்த்தி ஒப்பிட்டுப் பாருங்கள். பொருத்தம் தெளிவாகக் கூடினால், நகர்த்திய தேதியைப் புதிய நெடுவரிசையில் இடுங்கள்.

அறிகுறி: எண்கள் நம்பும்படியாக இல்லை

தமிழ் எண்களில் எழுதிய பக்கங்களை எழுத்துணரி மென்பொருளுக்குக் கொடுத்திருந்தால் ௧ ககரமாகவும், ௨ உகரமாகவும், ௭ எகரமாகவும், ௮ அகரமாகவும் மாறியிருக்கும். கையால் தட்டச்சு செய்தவர்களும் ௨௰௩ என்பதை 2103 என்று எழுதிவிடுவதுண்டு; அது இருபத்துமூன்று. ௰, ௱, ௲ ஆகியவை இடமதிப்பில் வருபவை அல்ல, பத்து, நூறு, ஆயிரம் என்று பெருக்கிக் கூட்ட வேண்டியவை. ௸ என்பது மேற்படி. அதை எண்ணாகவோ கறையாகவோ கொண்டு விட்டுவிட்டால் அந்த வரிசையின் இடமோ உயிரினமோ காணாமல் போகும்.

அதைவிடக் கடினமானது கட்டம் காலியாக இருப்பது. காலி, கோடு, சுழி மூன்றும் வெவ்வேறு செய்தி. பார்த்தோம், இல்லை என்பது சுழி. பார்க்கவே இல்லை என்பது காலி. கோடு என்பது எழுதியவரைப் பொறுத்தது. ஒரே கையெழுத்தில் கோடும் சுழியும் இரண்டும் வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் அவர் வேறுபடுத்தியிருக்கிறார், கோட்டைச் சுழியாக்காதீர்கள். ஒன்று மட்டுமே வருகிறதென்றால், எழுதியவரோ உடன் சென்றவரோ இருந்தால் போய்க் கேட்பது ஒன்றே வழி. ‘அண்ணாச்சி, இந்தக் கோடு எதுக்குப் போட்டிய?’ என்று ஓய்வுபெற்ற வனக்காவலர் ஒருவரிடம் கேட்டால் கிடைக்கும் விடையை எந்தப் புள்ளியியல் முறையும் தராது. விடையையும், சொன்ன தேதியையும் சேர்த்து எழுதி வையுங்கள்.

எண் பத்து மடங்கோ இரு மடங்கோ பெருத்திருந்தால் எண்ணப்பட்டது எது என்று கேளுங்கள். கூடுகளா, சோடிகளா, தலைகளா? கூந்தன்குளம் போன்ற இனப்பெருக்கத் தலத்தின் படிவங்களில் ஒரே நெடுவரிசையில் மூன்றும் வரக்கூடும். கூட்டை இரண்டால் பெருக்கிப் பறவையாக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, அலகு என்ற தனி நெடுவரிசையைச் சேருங்கள்.

அளவைகளில் ‘2.35’ என்ற மழை மில்லிமீட்டரா அங்குலமா என்பதைச் சுற்றியுள்ள எண்கள் காட்டிவிடும். 1956-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்துக்குப் பின் மெட்ரிக் முறை படிப்படியாகத்தான் வந்தது. ஆகவே ஒரே பதிவேட்டின் நடுவிலேயே அலகு மாறியிருக்கலாம். அங்குலத்தின் நூறில் ஒரு பங்கைச் சென்ட் என்று எழுதுவார்கள். 2 அங்குலம் 35 சென்ட் என்பது 59.7 மில்லிமீட்டர். காட்டுப் பாதையில் ‘சங்கிலி’ என்றால் 66 அடி, பத்துச் சங்கிலி ஒரு ஃபர்லாங். ‘பாபநாசம் 98’ என்ற குறிப்பு அணையின் நீர்மட்டத்தை அடியில் சொல்கிறது. நீரின் கொள்ளளவை அந்த எண்ணிலிருந்து நேராகப் பெற முடியாது.

அறிகுறி: இடம் வரைபடத்தில் கிடைக்கவில்லை, அல்லது தவறான இடத்தில் விழுகிறது

மாவட்டத்தின் பெயரை நம்பாதீர்கள். 1986 அக்டோபருக்கு முன் தூத்துக்குடிப் பகுதி திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பருக்கு முன் தென்காசியும் அப்படியே. 1956 நவம்பர் 1-க்கு முன் செங்கோட்டை திருவிதாங்கூர் (1949 முதல் திருவிதாங்கூர்–கொச்சி). ‘குற்றாலம், திருநெல்வேலி’ என்று எழுதிய உலர்தாவரத் தாளும் ‘வல்லநாடு, திருநெல்வேலி’ என்று எழுதிய மான் கணக்கும் அவை எழுதப்பட்ட நாளில் சரியானவையே. உள்ளபடி நெடுவரிசையில் அவற்றைத் தொடாமல், இன்றைய மாவட்டத்தை வேறு நெடுவரிசையில் எழுதுங்கள். மாவட்ட மொத்தங்களை மட்டும் வைத்துக்கொண்டு 1985-ஐயும் 1990-ஐயும் ஒப்பிடுகிறவர் எல்லைக்கோடு நகர்ந்ததைத்தான் அளக்கிறார்.

அடுத்தது ஒரே பெயர் கொண்ட குளங்கள். பெரியகுளம், புதுக்குளம் என்ற பெயர்கள் எத்தனை ஊரில் இருக்கின்றன என்று சொல்லவே வேண்டாம். பாபநாசம்கூடத் தஞ்சைப் பக்கம் ஒன்று இருக்கிறது. அதே பக்கத்தில் அன்று பார்த்த மற்றக் குளங்கள் எவை என்று பாருங்கள். ஒரு நாளில் மிதிவண்டியிலோ பேருந்திலோ போகக்கூடிய வட்டத்துக்குள் உள்ளதுதான் தேடும் குளம். ஐயம் தீராவிட்டால் கிராம நிலங்களைப் பட்டியலிடும் வருவாய்த் துறை அ-பதிவேட்டின் புல எண்ணும் அந்தக் குளத்து நீர்பாய்ச்சியின் நினைவும் துணை செய்யும். இரண்டு குளங்களுக்கு இடையே முடிவுக்கு வர முடியாதபோது, இரண்டையும் உள்ளடக்கிய வட்டத்தின் மையத்தையும் ஆரத்தையும் கொடுப்பதே நேர்மை.

ஆயங்கள் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) எழுதப்பட்டிருந்தும் இடம் தவறினால் தசமப் புள்ளியைச் சந்தேகியுங்கள். ‘8.44, 77.42’ என்று இருந்ததை அப்படியே வரைபடத்தில் இட்டால் களக்காட்டுக்குத் தென்மேற்கே மலையில் போய் விழும். 8 பாகை 44 கலை, 77 பாகை 42 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) என்று படித்தால் திருநெல்வேலி நகரம் வரும். சோதனை எளிது: அந்த ஏட்டிலுள்ள எல்லா ஆயங்களிலும் புள்ளிக்குப் பின் வரும் இரண்டிலக்கம் 59-ஐத் தாண்டவே இல்லையென்றால் அவை கலைகளே. அதையும் சரிசெய்தபின் புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில் நூறு, இருநூறு மீட்டர் விலகி, குளத்து நாரை வயலில் நின்றால், அவை இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடத்திலிருந்து எவரெஸ்ட் எனப்படும் பழைய நில அளவை அடிப்படையில் எடுக்கப்பட்டவை. இன்றைய செயற்கைக்கோள் அடிப்படைக்கு மாற்ற வேண்டும். நம் பகுதிக்குரிய தாள்கள் பெரும்பாலும் 58 எச் வரிசையைச் சேர்ந்தவை. ஓரத்தில் அந்த எண் இருந்தால் பாதித் துப்பு கிடைத்தாயிற்று.

அறிகுறி: உயிரினப் பெயர் இன்றைய பட்டியலில் இல்லை

பெரும்பாலும் பெயர் மாறியிருக்கிறது, உயிரினம் அதுவே. சங்குவளை நாரை இன்று மிக்டீரியா லூகோசெபாலா; பழைய பட்டியல்களில் ஐபிஸ் லூகோசெபாலஸ். முதற்பெயரை மட்டும் பார்த்து அதை அரிவாள் மூக்கன்களோடு சேர்த்துவிடும் பிழை நடக்கக்கூடியது. ‘கொக்கு’ என்ற ஒரே சொல்லில் சின்னக் கொக்கு, பெரிய கொக்கு, உண்ணிக்கொக்கு எல்லாம் அடங்கியிருந்தால், குடும்பம் என்ற அளவோடு நிறுத்திவிடுங்கள். தாவரங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஏனெனில் உலர்தாவரத் தாள் கையில் இருக்கும்வரை பெயரைத் திரும்பச் சரிபார்க்கலாம்.

அறிகுறி: கோப்பு திறக்கவில்லை, அல்லது தமிழ் சிதைந்து தெரிகிறது

நெகிழ்வட்டைத் திறந்து பார்ப்பதற்கு முன் வட்டில் எதுவும் புதிதாக எழுதப்படாதபடி அதன் தடுப்பைப் போட்டு, முழு வட்டின் பிம்பத்தை எடுத்துவிடுங்கள். பழுது நீக்கும் கட்டளைகளை மூலவட்டின்மேல் ஏவக்கூடாது. பழைய தரவுத்தள மென்பொருளான டிபேஸின் கோப்புகளையும் லோட்டஸ் விரிதாள்களையும் லிப்ரே ஆபீஸ் என்னும் இலவச மென்பொருள் திறக்கும். டிபேஸில் அழித்த வரிசைகள் அழிவதில்லை, அழிந்ததாகக் குறியிடப்பட்டுக் கோப்பிலேயே இருக்கும். சுருக்கும் கட்டளை கொடுக்கும்வரை மீட்கலாம். நெடுவரிசைத் தலைப்புக்குப் பத்து எழுத்துக்குமேல் அதில் இடமில்லை என்பதால் தலைப்புகள் புதிர் போல இருக்கும். அவற்றுக்குத் திறவுகோல் அதே ஆய்வேட்டின் பின்னிணைப்பில் கிடைக்கலாம்.

தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வந்தால், பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் ஒன்றில் தட்டச்சு செய்யப்பட்டது. என்.எச்.எம். மாற்றி போன்ற கருவியால் ஒருங்குறிக்கு மாற்றலாம். ஆனால் கோப்பில் உண்மையாகவே ஆங்கிலத்தில் உள்ள அறிவியல் பெயர்களையும் கருவி சேர்த்து மாற்றிவிடும், ஆகவே நெடுவரிசை நெடுவரிசையாகவே மாற்றுங்கள்.

அறிகுறி: எல்லாம் சரியாக இருந்தும் ஓர் ஆண்டில் எண்ணிக்கை திடீரென்று விழுகிறது அல்லது எழுகிறது

இதைத்தான் எல்லாரும் கண்டுபிடிப்பு என்று எண்ணி மகிழ்கிறார்கள். முதலில் எண்ணியவரும் எண்ணிய முறையும் மாறவில்லை என்று உறுதி செய்யுங்கள். களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகம் 1988-இல் அறிவிக்கப்பட்டது. நாடெங்கும் அப்போது புலிகள் காலடித் தடத்தைக் கொண்டே எண்ணப்பட்டன. 2006-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்து தானியங்கிக் கேமராவும் புள்ளியியல் மதிப்பீடும் வந்தன. இரண்டு காலத்து எண்களையும் ஒரே கோட்டில் இணைத்து வரையும் படம் புலியைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

பறவைகளில் பருவத்தைப் பாருங்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரியில் நடக்கிறது. தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011-இல் தொடங்கியது. அவற்றுக்கு முந்தைய தனிமனிதர் குறிப்புகளில் பல, குஞ்சுகள் வளர்ந்து நிற்கும் கோடைத் தொடக்கத்தில் எடுத்தவையாக இருக்கலாம். ஜனவரியை ஏப்ரலோடு ஒப்பிட்டால் சரிவும் ஏற்றமும் நாம் விரும்பியபடி வரும். பிறகு நீரைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை பொய்த்து, மணிமுத்தாற்றுத் தண்ணீரும் வந்து சேராத ஆண்டில் கூந்தன்குளத்தில் நாரை குறைந்தால், அவை வேறு குளங்களுக்குப் போயிருக்கலாம். ஒரு குளத்தின் சரிவைச் சொல்வதற்கு முன் பக்கத்துக் குளங்களின் அதே ஆண்டுத் தாள்களைத் தேட வேண்டும். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், கரையிலிருந்தா உள்ளே இறங்கியா என்ற உழைப்பு விவரம் கிடைத்தால் அது எண்ணைவிட விலைமதிப்புள்ளது. கிடைக்காத ஆண்டுகளை ‘இருந்தது, இல்லை’ என்ற அளவில் மட்டும் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: தரவு ஆயத்தம், ஆனால் வெளியிடத் தயக்கமாக இருக்கிறது

தயக்கம் பல நேரங்களில் நியாயமானது. அகத்தியமலைப் பகுதிக்கே உரிய ஆர்க்கிட் வகைகளின் சரியான இடத்தை வெளியிட்டால் சேகரிப்பவர்கள் வந்துவிடுவார்கள். அத்தகையவற்றின் ஆயத்தை முழுப் பாகையின் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மழுக்கி, மழுக்கியதைக் கோப்பிலேயே சொல்லிவிடுங்கள். குறிப்பேடுகளில் வழிகாட்டிய காணிக்காரர்கள் என்னும் மலைவாழ் மக்களின் பெயரும், அவர்கள் சொன்ன மருந்துச் செய்திகளும் இருக்கும். அவற்றை அவர்கள் குடியிருப்பில் போய்க் கேட்டு, அவர்கள் சம்மதித்த அளவுக்கு மட்டுமே பொதுக் கோப்பில் வைக்க வேண்டும்.

மற்றவற்றைச் சாதாரண எழுத்துக் கோப்பாக, ஒருங்குறியில், காற்புள்ளி பிரித்த வடிவில் சேமித்து, நெடுவரிசை விளக்கத்தையும் படங்களையும் சேர்த்துச் செனோடோ போன்ற நிலையான களஞ்சியத்தில் இட்டால் மாறாத அடையாள எண் கிடைக்கும். உயிரின வரிசைகளை மட்டும், உலகெங்கும் உள்ள உயிரினத் தரவுகளைத் திரட்டும் ஜிபிஃப் வலையமைப்புக்கும் அனுப்பலாம். கோப்புகளின் சரிபார்ப்புக் கூட்டெண்ணை (கோப்பு மாறினால் தானும் மாறும் எண்) தனியே எழுதி வைத்து, ஆண்டுக்கொரு முறை மீண்டும் கணக்கிட்டு ஒத்துப்பாருங்கள். கோப்பை மூன்று படிகளாக வைத்து, அவற்றில் ஒன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும். தாமிரபரணிக் கரையில் இரண்டு வீடுகளில் வைப்பது இரண்டு படி ஆகாது. மூலத்தாளை உரியவரிடம் திருப்பித் தரும்போது அச்சிட்ட படி ஒன்றையும், மழுக்காத முழுக் கோப்பு யாரிடம் பூட்டியிருக்கிறது, எந்த ஆண்டில் அதை மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.